செத்த ஆட்டுக்குச் சான்றிதழ்

தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒரு பெண் ஜன்னலைத் திறக்கிறாள். தெருப்புகை சுருள் சுருளாக வந்து அவள் கன்னத்தைத் தடவுகிறது. உடனே கன்னத்துக்குள் சிவப்பு உருண்டைகள் துள்ளத் தொடங்குகின்றன. ஃப்ரீ ராடிக்கல்களாம். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து, ஆக்சிஜனேற்றத்தால் உங்கள் சருமச் செல்கள் சேதமாகின்றன என்று தன் வீட்டில் இழவு விழுந்ததுபோல் சொல்கிறார். கவலைக்கு மருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது: வைட்டமின் சி சீரம். இரண்டு சொட்டு விட்டதும் உருண்டைகள் ஓடிவிடுகின்றன. கன்னம் பிழைத்தது.

அந்தக் கோட்டுக்காரர் சொல்வது முழுப்பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆக்சிஜனேற்றச் சேதம் உண்மையான சங்கதிதான். ஜோடியிழந்த எலக்ட்ரானோடு அலையும் மூலக்கூறு பக்கத்திலிருப்பதிடம் பிடுங்கும். பறிகொடுத்தது அடுத்ததிடம் பிடுங்கும். செல்லின் கொழுப்புச் சவ்வு கெடும், புரதம் கெடும், மரபணு இழை அறும். என் புகார் வேறு. இந்த நாட்டில் இந்தச் சேதத்திடம் முதலில் முகவரி கேட்கிறார்கள். அண்ணா நகரில் ஒரு கன்னத்துக்குள் நடந்தால் அது அறிவியல். ராணிப்பேட்டையில் ஒருவன் புறங்கையில் நடந்தால் அது அரிப்பு.

அரிப்புக்கு வைத்தியம் எல்லா மேஸ்திரிக்கும் தெரியும்: "தேங்கா எண்ணெ தடவிக்கப்பா, ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்."

ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்றோர் ஆலை இருந்தது. 1970களின் நடுவில் திறந்து 1990களின் நடுவில் மூடினார்கள். குரோமேட், டைகுரோமேட், தோல் பதனிடும் குரோம் உப்பு எல்லாம் அங்கே தயாராயின. இருபது ஆண்டில் எவ்வளவு லாபம், யார் வீட்டுக்குப் போனது என்பது கணக்குப் புத்தகத்துக்குத்தான் தெரியும். ஊருக்கு எழுதிவைத்துவிட்டுப் போன சொத்து மட்டும் எல்லார் கண்ணுக்கும் தெரியும்: ஏறத்தாழ ஒன்றரை லட்சம் டன் குரோமியக் கழிவு. வெட்டவெளியில் கொட்டி, கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பூட்டியது ஆலையை, குவியலைப் பூட்ட யாருக்கும் தோன்றவில்லை.

மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சளாக நீர் கசியும். மஞ்சள் மங்கலம் என்று நம்பும் ஊர் என்பதால் அதிகாரிகள் பதறவில்லை போலும். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது என்று இந்தியத் தரநிலை சொல்கிறது. சொல்லிவிட்டு அது தன் அலமாரிக்குத் திரும்பிவிட்டது. ஊர்க் கிணறுகளுக்கு அந்தத் தரநிலையைப் படித்துக்காட்ட யாரும் போகவில்லை.

2006இல் அமெரிக்காவைச் சேர்ந்த பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகில் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களுக்குப் பட்டியல் போட்டது. செர்னோபில் இருந்த அந்தப் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. அங்கே இடம்பிடிக்கச் செர்னோபிலுக்கு ஓர் அணு உலை வெடிக்க வேண்டியிருந்தது. நாம் ஒரு கோப்பை நகர்த்தாமலே அந்தப் பெருமையை அடைந்தோம்.

இனி, அந்த மஞ்சள் நீர் ஒரு தோல் செல்லுக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். விளம்பரக்காரர்கள் இந்தக் காட்சிக்கு உருண்டை வரைந்து தர மாட்டார்கள். நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குரோமியத்தில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். மூன்று எலக்ட்ரானை இழந்தது ஒன்று, ஆறை இழந்தது இன்னொன்று. குரோமியம்-3, குரோமியம்-6 என்று வைத்துக்கொள்வோம். குரோமியம்-6 நீரில் குரோமேட்டாகக் கரைகிறது. குரோமேட்டின் வடிவமும் மின்சுமையும் அச்சு அசல் சல்பேட். சல்பேட்டோ செல்லுக்கு வேண்டப்பட்ட விருந்தாளி. அதற்கென்றே சவ்வில் வாசல் உண்டு. வாசலில் நிற்கும் புரதம் ஆதார் அட்டை கேட்பதில்லை. முகஜாடையைப் பார்த்து, வாங்க வாங்க என்று உள்ளே விட்டுவிடுகிறது.

உள்ளே வந்தவனைச் செல் சும்மா விடுவதில்லை. தன்னிடமுள்ள வைட்டமின் சி, குளூட்டத்தயோன் இரண்டையும் கொண்டுவந்து கொட்டுகிறது. அவை எலக்ட்ரானைத் தானம் செய்து, ஆறை ஐந்தாக்கி, நான்காக்கி, கடைசியில் மூன்றாக இறக்குகின்றன. நாசமெல்லாம் இந்தப் படியிறக்கத்தில்தான். இடையில் பிறக்கும் குரோமியம்-5, செல்லுக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து ஹைட்ராக்சில் ராடிக்கலைப் பெற்றுப்போடுகிறது. அதைவிட வெறிபிடித்த ராடிக்கலை உடலுக்குள் காண்பது அரிது. பிறந்த இடத்திலேயே, தொட்டது எதுவோ அதை எரித்துவிட்டுத்தான் அடங்கும். தொட்டது மரபணு இழையாக இருந்தால் இழை அறுகிறது. மரபணு எழுத்து நான்கில் ஒன்றான குவானின் மீது ஆக்சிஜன் ஏறிக்கொண்டால் அது 8-ஆக்சோகுவானின் ஆகிறது. அடுத்த முறை படியெடுக்கும்போது செல் அந்த எழுத்தைத் தப்பாக வாசிக்கும். சேமித்து வைத்த குளூட்டத்தயோன் தீர்ந்துபோகும். மைட்டோகாண்ட்ரியா தடுமாறும். சில செல்கள் செத்துவிடும். சாகாமல் தப்பாக எழுதப்பட்டுப் பிழைப்பவைதான் அதிக ஆபத்து.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருவது இந்த இடத்தில்தான். செல் தப்பேதும் செய்யவில்லை. வந்த விஷத்தை முறிக்கத் தன் கையிலிருந்ததைக் கொடுத்தது. கொடுத்ததை வைத்தே அதன் வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டது. படியிறங்கி வந்த குரோமியம்-3க்கு வெளியே போகவும் வழியில்லை. அந்த உருவத்தில் சவ்வைத் தாண்ட அதற்கு வராது. மரபணுவோடும் புரதங்களோடும் ஒட்டிக்கொண்டு நிரந்தரக் குடியிருப்பாகிவிடுகிறது. அப்படி ஒட்டிய புரதத்தை நோயெதிர்ப்புச் செல்கள் அந்நியன் என்று முடிவுகட்டிப் பாய்ந்தால், அதுதான் ஒவ்வாமைத் தோலழற்சி. தோல் தடித்து, வெடித்து, நீர் வடியும். ஒருமுறை அடையாளம் கண்டுகொண்ட உடல் பெரும்பாலும் ஆயுளுக்கும் மறக்காது. பிறகு ஒரு துளி பட்டாலே போதும்.

குளூட்டத்தயோன் என்ற பெயரை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று உங்களில் சிலருக்குத் தோன்றியிருக்கும். அழகு நிலையத்தில் கேட்டிருப்பீர்கள். நிறம் வெளுக்க வேண்டும் என்று டிரிப்ஸாக ஏற்றுகிறார்களே, அதேதான். ஒரு கை தன் உயிரைக் காத்துக்கொள்ளக் கடைசித் துளிவரை செலவழித்துத் தீர்க்கும் சரக்கை, இன்னொரு கை கல்யாண ஆல்பத்துக்காகப் புட்டிக்கணக்கில் ஏற்றிக்கொள்கிறது. வைட்டமின் சியும் அப்படியே: இங்கே விஷம் முறிக்கும் படைவீரன், அங்கே கன்னத்து மினுமினுப்பு. இதற்கு யார் பேரிலும் வழக்குப் போட முடியாது. வயிறு எரிய மட்டும் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

தோல் தொழில்காரர்களிடம் குரோமியம் பற்றிப் பேச்செடுத்தால், உங்கள் வாக்கியம் முடியும் முன்பே பதில் வந்துவிடும்: "சார், நாங்க யூஸ் பண்றது மூணு சார். ஆறு இல்ல." உண்மை. டிரம்மில் தோலோடு சுற்றுவது பேசிக் குரோமியம் சல்பேட்; அது குரோமியம்-3. தோலுக்கு வெளியே இருக்கும்வரை மூன்று பெரும்பாலும் சாதுதான். செல்லுக்குள் நுழையத் தெரியாத சாது. ஆனால் அந்தச் சாதுவின் பிறப்புச் சான்றிதழை ஒருமுறை புரட்டுங்கள். மூன்றைச் செய்வது ஆறிலிருந்து. டைகுரோமேட்டை வெல்லப்பாகு மாதிரி ஒன்றாலோ கந்தக டை ஆக்சைடாலோ இறக்கித்தான் குரோம் உப்பு எடுக்கிறார்கள். ராணிப்பேட்டைக் குவியல் அந்தச் சாதுவின் பிரசவ அறைக் கழிவு. பிள்ளையை மட்டும் கொஞ்சிவிட்டு, பிரசவம் எங்கே நடந்தது என்றே தெரியாது என்பவர்களை என்னவென்று சொல்வது?

சாது என்றைக்கும் சாதுவாகவே இருக்கும் என்றும் உறுதி கிடையாது. பதனிட்ட தோலை மென்மையாக்க எண்ணெய் ஏற்றுவார்கள். நிறைவுறாக் கொழுப்புள்ள எண்ணெயாக இருந்து, சூடும் வெயிலும் பட்டால், தோலுக்குள் அடங்கியிருந்த மூன்று மறுபடி ஆறாகிவிடும். ஷூவாகித் தைத்து, டப்பாவுக்குள் போய், கண்டெய்னர் வெக்கையில் கடல் தாண்டும்போதும் ஆகலாம்.

வட ஆற்காட்டுத் தோலுக்குக் குரோமியம் குலதெய்வம் ஒன்றுமில்லை. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் முன்பெல்லாம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் ஊறவைத்தார்கள். வாரக்கணக்கில் ஆகும். நாற்றமும் உண்டு, அழுக்கும் உண்டு. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் கும்பிடப் போவதில்லை. தொட்டியில் இறங்கியவர்கள் எந்தச் சாதி, மேட்டில் நின்றவர்கள் எந்தச் சாதி என்று கேட்டால் பொற்காலத்தின் முலாம் உரிந்துவிடும். குரோம் வந்தது, வாரங்கள் செய்த வேலையை ஒன்றிரண்டு நாளில் முடித்தது. 1972இல் அரசு அமைத்த சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலை அனுப்பாதே, முழுதாய்ச் செய்து அனுப்பு, அந்நியச் செலாவணி பெருகும் என்றது. பெருகியது. செலாவணி அந்நியத்திலிருந்து வந்தது. கழிவு மட்டும் சுதேசி.

இப்போது ஐரோப்பாவுக்குப் போவோம். மனித உடலைப் பற்றி எவ்வளவு நுட்பமாகக் கவலைப்பட முடியும் என்பதை அங்கேதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

சருமத்தில் படும் தோல் பொருளில், கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ குரோமியம்-6 இருந்தால் விற்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி செய்தது. ஒரு டன் தோலில் மூன்று கிராம். நல்ல விதி. வாழ்த்துகிறேன், உண்மையாகவே. அந்த விதிக்காகச் செத்த ஆட்டுக்கு நடக்கும் உபசாரத்தைக் கேளுங்கள். தோலில் ஒரு துண்டு வெட்டி எடுப்பார்கள். அதைப் பொடியாக நறுக்கி, பாஸ்பேட் கரைசலில் போட்டு, மூன்று மணி நேரம் இயந்திரத்தில் மெதுவாக ஆட்டுவார்கள். வடிகட்டுவார்கள். டைஃபினைல்கார்பசைடு என்ற மருந்தை விடுவார்கள். ஆறு இருந்தால் கரைசல் ஊதா நிறமாகும். எவ்வளவு ஊதா என்பதைக் கருவியில் அளப்பார்கள். கடல் வெக்கையில் ஒருவேளை ஆறு முளைத்தால் என்ன செய்வது என்று, சிலர் தோலை முன்கூட்டியே 80 டிகிரி சூட்டில் ஒரு நாள் வைத்துப் பழுக்கவிட்டும் சோதிப்பார்கள். பிறகு முத்திரை, கையெழுத்து, தேதியோடு சான்றிதழ்.

அந்தத் தோலை டிரம்மிலிருந்து நீலமாக, ஈரமாக, சொட்டச் சொட்டத் தூக்கி அடுக்கியவனின் தோலில் ஒரு துண்டு எடுத்து யாராவது பார்த்தார்களா? நறுக்க வேண்டாம். ஆட்ட வேண்டாம். அவன் கையைத் திருப்பி, விரலிடுக்கைப் பார்த்தாலே போதும். பார்க்க வந்தவர்கள் உண்டு. வெளிநாட்டு பையரின் ஆடிட்டர் வருவார். அன்றைக்குக் காலையில் எல்லோருக்கும் புதுக் கையுறை கிடைக்கும். அவர் கார் ஏறியதும் கையுறையும் ஸ்டோர் ரூமுக்கு ஏறிவிடும். அடுத்த ஆடிட்டுக்கு வேண்டுமே!

2015ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 31, விடியும் முன். ராணிப்பேட்டை சிப்காட்டில் பல டேனரிகளுக்குப் பொதுவான சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கழிவுச் சேறு புகுந்து பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் உடலில் ஏறிய சேற்றைக் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று யாரும் அளக்கவில்லை. அளக்கத் தேவையில்லாத அளவுக்கு இருந்தது. அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் அந்த 3 மில்லிகிராம் விதி ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்தது. எந்தத் தேதியில் என்று கேளுங்கள். மே 1.

தொழிலாளர் தினத்தன்று ஐரோப்பியப் பாதங்கள் பத்திரமாயின. யாராவது கதையில் இப்படி எழுதியிருந்தால், மிகையாக இருக்கிறது, தேதியை மாற்று என்று ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

ஐரோப்பாவுக்கு இந்த ஞானம் பிறவியிலேயே வந்ததா என்றால் அதுவும் இல்லை. 1827இலேயே வில்லியம் கியூமின் என்ற கிளாஸ்கோ மருத்துவர், டைகுரோமேட்டில் கைவைத்து வேலை செய்த சாயத் தொழிலாளர்களின் கையில் ஆழமான புண்கள் வருவதை எழுதிவைத்தார். அந்தக் கட்டுரையின் முதல் பாதி எதைப்பற்றித் தெரியுமா? நம்மூர் எருக்கின் மருத்துவ குணம். எருக்கைச் சீமைவரை கொண்டுபோய் ஆராய்ந்தவர்கள், அதே கட்டுரையின் இரண்டாம் பாதியை மட்டும் நமக்குத் திருப்பி அனுப்ப மறந்துவிட்டார்கள்.

குரோமேட் ஆலைப் புண்ணுக்கு ஒரு தனி லட்சணம் உண்டு. விரல் கணுவில் மிளகளவு பள்ளம். வட்டமாக, துளையிட்டது போல. ஓரம் மட்டும் தடித்து மேடாக. பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததால் வேலை நிற்காது; வேலை நிற்காததால் முதலாளிக்கும் தெரியாது. இதே காரியம் மூக்குக்குள் நடந்தால், இரண்டு நாசிக்கும் நடுவிலுள்ள தடுப்பு ஓட்டையாகும். அதுவும் பல சமயம் வலியில்லாமல். மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1990லேயே குரோமியம்-6ஐ முதல் பிரிவில் வைத்துவிட்டது. சந்தேகத்துக்கு இடமில்லாத பிரிவு அது.

கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் ரூதர்க்ளெனில் ஒயிட் குடும்பத்தின் குரோமேட் ஆலை இருந்தது. மஞ்சள் தூசு படிந்து வெளியே வரும் தொழிலாளர்களை ஊரார் ஒயிட்டின் கேனரிக் குருவிகள் என்று அழைத்தார்கள். முதலாளி ஓவர்டூன் பிரபு பெரிய பக்திமான். ஞாயிறு கர்த்தருடைய நாள், அன்று எவனும் உழைக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசித்தவர். அவர் ஆலை ஞாயிற்றுக்கிழமையும் ஓடியது. 1899இல் தொழிற்சங்கத் தலைவர் கெயிர் ஹார்டி இதைத் துண்டுப் பிரசுரமாக அச்சடித்துக் கிழித்துத் தொங்கவிட்டார். ஆலை 1960களில் மூடியது. கொட்டிவைத்த கழிவு மூடிக்கொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்புகூட அங்கே ஓர் ஓடை பளபளவென்று பச்சையாக ஓடியது.

ஆக, ராணிப்பேட்டையில் என்ன நடக்கும் என்று தெரியாமல் நடந்துவிட்டது என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். 1827இல் கை எப்படிப் புண்ணாகும் என்று தெரியும். 1899இல் முதலாளி எப்படிப் பேசுவார் என்று தெரியும். கழிவைக் கொட்டினால் எத்தனை தலைமுறை கசியும் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்தேதான் 1970களில் நம் ஊரில் குத்துவிளக்கு ஏற்றினார்கள்.

நீதிமன்றம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. டேனரிக் கழிவுக்கு எதிராக வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய அந்தத் தீர்ப்பைச் சட்டக் கல்லூரியில் மனப்பாடம் செய்யாத மாணவர் இருக்க மாட்டார். மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும், முன்னெச்சரிக்கை வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தில் உறுதியாகக் காலூன்றியது அதில்தான். டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம்; அதுபோக நிலமும் நீரும் கெட்டதற்கு இழப்பீட்டைத் தனியாகக் கணக்கிட ஓர் ஆணையம். ஆணையம் கணக்கிட்டது: ஏறத்தாழ 29 ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 27 கோடி ரூபாய். தலைக்கு வகுத்துப் பாருங்கள், பத்தாயிரம்கூடத் தேறாது. இந்தப் பத்தாயிரத்தோடு வேலூர் மாவட்டத்துக்கு ஏதோ பூர்வ ஜென்ம பந்தம்.

அதுவும் முடிந்த கதையாகவில்லை. 2025 ஜனவரி 30ஆம் தேதி அதே உச்ச நீதிமன்றம் அதே மாவட்டத்துக்காக மறுபடி உட்கார்ந்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டைக் கொடு, மாசு செய்தவரிடம் வசூலித்துக்கொள் என்று அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. சுவர் இடிந்து பத்துப் பேர் செத்து மறுநாளோடு பத்து ஆண்டு. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவே இருபத்தெட்டு ஆண்டு. இந்தக் கணக்கிலெல்லாம் தென்னை உண்டு, நெல் உண்டு, கிணறு உண்டு. தென்னைக்கு விலை போடத் தெரிந்த நாட்டில், வெடித்த உள்ளங்கைக்கு அட்டவணையில் ஒரு வரி கண்டுபிடிக்கத்தான் கண்ணாடி தேட வேண்டியிருக்கிறது.

எனக்கென்ன, நான் வேலூர்க்காரன் இல்லை, தோலும் உரிப்பதில்லை என்று நகரப்போகிறவரைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். உங்கள் தெருவில் வீடு கட்டுகிறார்களா? அங்கே போய்ச் சித்தாள் கையைப் பாருங்கள். சிமெண்ட் மூலப்பொருளில் இயல்பாகவே துளியளவு குரோமியம் உண்டு. சூளையின் அனலில் அதில் கொஞ்சம் ஆறாகிவிடுகிறது. கலவையில் தண்ணீர் சேர்ந்ததும் கரைந்து கைக்கு வருகிறது. சிமெண்டின் காரம் ஏற்கெனவே தோலின் மேல்பூச்சை அரித்து வைத்திருப்பதால் கதவும் திறந்தே இருக்கிறது. கலவையைக் கையால் அள்ளிப் பாண்டில் போட்டு, மூன்று மாடி ஏறி, மாலையில் கூலியை வாங்கும்போது அந்தக் கையில் ரேகை தெரியாது. ரேஷன் கடை இயந்திரம் விரலை ஏற்க மறுக்கும். "கைய நல்லாத் தொடச்சிட்டு வைம்மா" என்பார் கடைக்காரர். துடைக்க என்ன மிச்சமிருக்கிறது?

இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. சிமெண்டில் கொஞ்சம் இரும்பு சல்பேட் கலந்தால் போதும்; ஆறு மூன்றாகிவிடும், கைக்கு வரும் முன்பே, மூட்டைக்குள்ளேயே. டென்மார்க் 1980களிலேயே இதைச் செய்தது. சிமெண்ட் ஒவ்வாமை அங்கே குறைந்தது. 2005 முதல் ஐரோப்பா முழுக்கப் பத்து லட்சத்துக்கு 2 பங்கு என்று வரம்பு. இரும்பு சல்பேட் என்ன நிலவில் கிடைக்கும் பொருளா? ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குச் சும்மா கொடுக்கும் சத்து மாத்திரையில் இருப்பதே அதுதான். மாசமாக இருக்கும்போது அந்தச் சித்தாளுக்கு வாய்க்குள் போடக் கொடுக்கிற பொருளை, அவள் கைக்காக மூட்டைக்குள் போடு என்றால் மட்டும் செலவு கையைக் கடிக்கிறது. மூட்டையின் மேல் கிரேடு போட்டிருக்கிறது, எடை போட்டிருக்கிறது, வாரமும் வருஷமும் விலையும் போட்டிருக்கிறது. உயிருள்ள கையைப் பற்றிய ஓர் எண்ணை நான் எந்த மூட்டையிலும் கண்டதில்லை.

குறை சொல்ல மட்டும் தெரியும், யோசனை சொல்லத் தெரியாதா என்று தொழில்துறையினர் கேட்பார்கள். என்னிடம் யோசனை இருக்கிறது; சட்டமெல்லாம் புதிதாக இயற்ற வேண்டாம். டேனரித் தொழிலாளியின் கையையும் கொத்தனாரின் கையையும் முழங்கைவரை 'தோல் பொருட்கள், ஏற்றுமதிக்கு' என்ற தலைப்பின்கீழ் அறிவித்துவிடுங்கள். அறிவித்த நொடியில் அந்த 3 மில்லிகிராம் வரம்பு பாய்ந்து வந்து காக்கும். ஆய்வகம் சோதிக்கும், பையர் கவலைப்படுவார், ஆடிட்டர் கையுறையை இரண்டு நாள் கூடுதலாக விட்டுவைக்கச் சொல்வார். ஜிஎஸ்டி எண் கிடைக்கும். ஷிப்பிங் பில்லில் பெயர் வரும். இதுவரை எந்த மருத்துவப் பதிவேட்டிலும் ஏறாத பெயர். அந்நியச் செலாவணி ஈட்டித் தந்ததற்கு யாராவது ஒரு மந்திரி சால்வைகூடப் போர்த்தலாம்.

ஒரே ஒரு சிக்கல். சோதித்துப் பார்த்தால் முக்கால்வாசி சரக்கு தேறாது, ஊதா நிறம் காட்டிக் கொடுத்துவிடும். தேறாத சரக்கை என்ன செய்வது என்றுதானே யோசிக்கிறீர்கள்? ஆம்பூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: எக்ஸ்போர்ட் ரிஜெக்ட், உள்ளூரிலேயே பாதி விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். அந்தக் கைகளை நாம் அந்த விலைக்குத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறோம், நாற்பது வருஷமாக, பேரம் வேறு பேசி.